பதினெட்டு வெள்ளி தொண்ணூறு காசு

1.

அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். கதையை இங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் நான் நல்லவனாகத் தெரிந்துவிடுவேன். ஏழெட்டு முறை அப்படித் தொடங்கிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை. பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பண நிர்வாகம் கற்றுத்தரும் ஒரு திட்டத்தின் பரிசளிப்பு விழா. 'சேமிப்பால் மாறிய என் வீடு' என்பது பேச்சுப் போட்டித் தலைப்பு. நான் முன்வரிசையில், நடுவர் மேசையில். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு சொன்னாள்:

"என் அம்மா மாதந்தோறும் பதினெட்டு வெள்ளி தொண்ணூறு காசு செலவு செய்து, ஒரே ஒரு காப்பி குடிப்பார்."

மண்டபமே சிரித்தது. நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன்.

அந்த அம்மா நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன் என்று எழுத வந்தேன். உறுதியாக எழுத முடியவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தின் பயிற்சித்தாள்களை எழுதியவன் நான்தான். பன்னிரண்டு தாள், அறுநூறு வெள்ளி. மூன்றாவது தாளில் இரண்டே கட்டங்கள்: இடப்பக்கம் 'தேவை', வலப்பக்கம் 'ஆசை'. வீட்டில் ஒரு மாதம் வரும் ரசீதுகளையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு செலவையும் ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அடியில் ஒரு சின்னப் பெட்டி: 'கடைக் காப்பி தேவையா, ஆசையா? ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்!'

[அந்தப் பெட்டியை நான் எழுதியது ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்துதான். இதைக் கற்பனை என்று சொல்லவே விரும்புவேன். ரசீது வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் யாரும் கேட்டதுமில்லை.]

2.

முதல் தொடக்கம்: 'ரமணியின் வாழ்க்கையில் இருந்த ஒரே சந்தோஷம்—'

அடித்துவிட்டேன். ஒரே சந்தோஷம் என்று யார் சொன்னது? கம்பெனிப் பஸ்ஸில் பக்கத்து சீட் சல்மாவோடு வாயை மூடாமல் பேசிக்கொண்டு வருவது சந்தோஷம் இல்லையா? மகளோடு சேர்ந்து பழைய பேய்ப் படங்களைப் பார்த்து, பேயைக் கண்டு இருவரும் சிரிப்பது?

இரண்டாவது தொடக்கம்: 'பினாங்குத் தீவுக்குக் காப்பி வந்து சேர்ந்த கதை சுவையானது—'

சுவையானதுதான். ஆனால் இந்தப் பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதையாவது சொல்லப் பயமாக இருக்கும்போது நான் வரலாற்றுக்குள் போய் ஒளிந்துகொள்வேன்.

மூன்றாவது தொடக்கம். இதை வைத்துக்கொள்கிறேன்:

ரமணிக்கு முப்பத்தொன்பது வயது. பாயான் லெப்பாஸில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் பதினாலு வருடமாக வேலை. நாலு நாள் வேலை, ரெண்டு நாள் ஓய்வு, ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணி நேரம். கணவன் யுகேந்திரன் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் கரை தாண்டி ஈப்போ, சிம்பாங் அம்பாட் என்று இருப்பான். ஒரே மகள் காமினி, பதினொரு வயது. பாசாருக்குப் பின்னால் உள்ள பிளாட்டில் ஆறாவது மாடி. சம்பளம் வந்த பிறகு வரும் முதல் ஓய்வு நாளில், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ரமணி டவுனுக்குப் பஸ் ஏறுவாள். பீச் ஸ்ட்ரீட்டில், பழைய வங்கிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ள காப்பிக் கடைக்குள் போவாள். உயர்ந்த கூரை, கண்ணாடிக் கதவு, ஏர்கோன். ஒரு கப்புச்சீனோ. குடித்து முடித்து, மகள் வீடு திரும்புவதற்குள் பஸ் பிடித்து வந்துவிடுவாள்.

அவ்வளவுதான். ரெண்டு வருடமாக இது நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் அவள் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

3.

ரசீதைக் காமினிதான் கண்டுபிடித்தாள். அம்மாவின் கைப்பையில், மருந்துக் கடைச் சீட்டுக்கும் பஸ் அட்டைக்கும் நடுவில். பயிற்சித்தாள் ரசீதுகளைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. காமினி சொன்னதைச் செய்கிற பிள்ளை. பிஸ்கட் டின் ஒன்றில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தாள்.

"மா, இது என்னா?"

ரமணி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எது?"

"கப்புச்சீனோ. பதினெட்டு தொண்ணூறு. ஒண்ணுன்னு போட்டிருக்கு மா. ஒண்ணுதான்!"

"ம்."

"யாரு கூட போனீங்க?"

"யாரு கூடயும் இல்ல."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"சும்மாதான் லா."

காமினி தாளைப் பார்த்தாள். சும்மா என்பதற்கு அதில் கட்டம் இல்லை. (நான் வைக்கவில்லை.) பென்சிலை எடுத்துக்கொண்டு, டீச்சர் கேட்கிற தோரணையில் கேட்டாள்:

"தேவையா மா, ஆசையா?"

இந்த இடத்தில் ரமணி எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தலைவலி, மழை, சல்மாவுக்குப் பிறந்தநாள். பிள்ளை நம்பியிருக்கும். ஆனால் அவள் கத்தியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"ஆசைதான்," என்றாள்.

காமினி எழுதிக்கொண்டாள். "எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தது. "நானூத்தி அம்பத்தி மூணு வெள்ளி அறுவது காசு."

"அடேயப்பா! மனசுக்குள்ளயே போட்டுட்டியா?" ரமணிக்கு முதலில் வந்தது பெருமைதான்.

"மா, அதுல அப்பா காடிக்கு ரெண்டு டயர் மாத்தியிருக்கலாம்."

யுகேந்திரனின் செலவுகளும் அந்தத் தாளில் ஏறின. சிகரெட், புதன் சனி ஞாயிறு நம்பர் லாட்டரி. காமினி இரண்டையும் சிவப்புப் பேனாவால் ஆசைக் கட்டத்தில் எழுதி அப்பாவிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு, "ஆமாலா, ஆசைதான். போய் அப்பாவுக்குத் தண்ணி கொண்டா," என்றான். மறுநாள் அதே சிகரெட் பாக்கெட். காமினி இன்னொரு முறை எழுதிப் பார்த்தாள். அதற்கப்புறம் அப்பா பக்கம் போகவில்லை. மசிகிற இடம் எது என்று பிள்ளைகளுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

அம்மா மசிந்தாள்.

4.

அடுத்த மூன்று மாதம்.

காமினி குளிர்பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினாள். சம்பளம் வந்ததும் ரமணி பதினெட்டு வெள்ளி தொண்ணூறு காசைச் சரியாக எண்ணி மகளிடம் கொடுத்தாள். முதல் மாதம் அது விளையாட்டாக இருந்தது. பாசாரில் இரண்டு வெள்ளிக்குக் கோயிக் பலகாரப் பொட்டலம் ஒன்றை ரமணி எடுத்தபோது, விற்கிற அம்மாவின் முன்னாலேயே காமினி கேட்டாள்: "மா, இது தேவையா?" ரமணி சிரித்தாள். விற்கிற அம்மாவும் சிரித்தார். இரண்டாவது மாதம் கொண்டை ஊசிக்குக் கேட்டாள், முகப்பவுடருக்குக் கேட்டாள். ரமணி சிரிக்கவில்லை. மூன்றாவது மாதம் காமினி கேட்க வேண்டியே இருக்கவில்லை. ரமணி ஒரு பொருளைத் தொட்டுவிட்டு, தானே கையை எடுத்துக்கொண்டாள்.

'அவள் உள்ளுக்குள் மெல்ல மெல்ல வாடி—'

இல்லை. வாடவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். ஓய்வு நாட்களில் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். ஒரு நாள் ஆயர் ஈத்தாம் பஸ் நிறுத்தத்தில் யாருக்காகவும் காத்திராமல் நின்றாள். டவுன் பஸ் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. காய்கறிப் பையோடு வீட்டுக்குத் திரும்பினாள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு யாரையும் அழவைக்க முடியாது.

[இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாதி, காமினியின் வகுப்பாசிரியை நிரோஷா டீச்சர் சொன்னது. கொஞ்சம், காமினி மேடையில் சொன்னது. பஸ் நிறுத்தத்தில் நின்றது, பின்னால் ரமணியே டீச்சரிடம் சொன்னது. ஜன்னல் கம்பி என்னுடையது. எடுத்துவிடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.]

5.

பரிசளிப்பு அன்று ரமணி ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள். கம்பெனிச் சட்டை. கண்ணில் மணல் விழுந்ததுபோல் எரிச்சல். யுகேந்திரன் சவரம் செய்துகொண்டு, கட்டம்போட்ட சட்டையில் வந்து இடம் பிடித்து வைத்திருந்தான்.

"நம்ம பிள்ள கடைசி. நல்லா பேசும்னு டீச்சர் சொன்னாங்க," என்றான்.

என்ன பேசப்போகிறாள் என்று ரமணிக்குத் தெரியாது. "சொல்ல மாட்டேன் மா, சர்ப்ரைஸ்," என்று ஒரு வாரமாகக் காமினி கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் டின்னைப் பற்றி இருக்கும் என்று ரமணி நினைத்தாள்.

காமினி மேடைக்கு வந்தாள். வணக்கம் சொன்னாள். அம்மா எங்கே என்று தேடி, பார்த்து, பல் தெரியச் சிரித்தாள். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

சிரிப்பு முன்வரிசையில் கிளம்பிப் பின்னால் பரவியது. காமினி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, அது அடங்கும்வரை நிறுத்திக் காத்திருந்தாள். யுகேந்திரன் தொடையைத் தட்டினான். "கோப்பிக்கா? பதினெட்டு வெள்ளியா? ஏய், எனக்கே தெரியாதே!" அவன் குரலில் கோபம் இல்லை. நல்ல நகைச்சுவை கேட்டவனின் குரல். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, கம்பெனிச் சட்டையைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

ரமணியும் சிரித்தாள். எல்லோரும் பார்க்கும்போது வேறு என்ன முகம் வைத்துக்கொள்வது?

காமினி தொடர்ந்தாள். மூன்று மாதக் கணக்கைச் சொன்னாள். கையை உயர்த்தி முடித்தாள்: "இன்று என் அம்மா திருந்திவிட்டார்! அவரே எனக்கு முன்மாதிரி!"

பலத்த கைதட்டல். நான் பத்துக்கு ஒன்பதரை போட்டேன்.

ரமணி கைப்பையை எடுத்தாள். "டாய்லெட் போயிட்டு வரேன்," என்று யுகேந்திரனிடம் சொல்லிவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள். பள்ளி வாசலைத் தாண்டினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றாள். இந்த முறை கதவு திறந்ததும் ஏறிக்கொண்டாள்.

6.

இதே இடத்துக்கு என்னிடம் வேறொரு பிரதி இருக்கிறது. அதில் ரமணி வெளியே போகவில்லை. எழுந்து நிற்கிறாள். மண்டபம் அமைதியாகிறது. 'நான் ஒரு விஷயம் சொல்லலாமா?' என்று தொடங்கி, ஒரு பக்கம் பேசுகிறாள். நல்ல பேச்சு. எழுதும்போது என் கண்ணே கலங்கியது. படித்துப் பார்த்தபோது, பேசியது ரமணி இல்லை, நான்தான் என்று தெரிந்தது. மேசையைத் தட்டிச் சிரித்த அதே கை, அவளுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தது.

அதை விட்டுவிட்டு, காப்பிக்கு ஒரு காரணம் தேட ஆரம்பித்தேன். காரணம் இல்லாமல் எந்த வாசகர் ஒப்புக்கொள்வார்? முதல் காரணம்: காமினிக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்த நாள் அது. இரண்டாவது காரணம்: பன்னிரண்டு மணி நேரம் உடம்பு முழுக்க மூடிய உடையில், கழிவறைக்குக்கூட அனுமதி கேட்டுப் போகிறவளுக்கு, கேட்காமல் உட்காரவும் கேட்காமல் எழவும் ஓர் இடம். மூன்றாவது—

எழுதியதை நிரோஷா டீச்சருக்கு அனுப்பினேன். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மூன்று தலைமுறையாக அலுவலகக் கிராணி வேலை. காசைப் பற்றிச் சத்தமாகப் பேசாத வீடு. அன்று மாலையே கூப்பிட்டார்.

"சார், அந்த செத்துப்போன பிள்ள யாரு?"

"கற்பனை டீச்சர். ஒரு அழுத்தம் வேணும்ல."

"எதுக்கு?"

"அவ அந்தக் காப்பிய ஏன் குடிச்சான்னு—"

"சார், நீங்க கோப்பி குடிக்கிறீங்க. யாரு செத்தாங்க?"

டீச்சரே தொடர்ந்தார்:

"உங்க பேப்பர்ல ரெண்டு கட்டம் இருந்திச்சு. இப்ப என்னா செய்றீங்க? அவங்க கோப்பிய ஆசைல இருந்து எடுத்து, கஷ்டப்பட்டுத் தேவைல கொண்டு போய் வைக்கிறீங்க. அப்பதான் அவங்க குடிக்கலாம், இல்ல? அழுது காட்டுனாதான் குடிக்கலாம்."

"டீச்சர், அந்த உடுப்பு விஷயமாவது—"

"அது நெஜமாவே இருக்கலாம். அவங்க சொல்லலியே. நான் கேட்டதுக்கு என்னா சொன்னாங்கன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன். 'நல்லா இருந்திச்சு டீச்சர்.' அவ்ளோதான்."

பிறகு, வைக்கப்போகும்போது: "இன்னொண்ணு சார். என்னைய 'அவர்'னு எழுதுறீங்க. அவங்கள மட்டும் ஏன் 'அவள்'?"

[முன்னால் உள்ள பகுதிகளை மாற்றவில்லை. நான் எப்படி எழுதினேன் என்பது அப்படியே இருக்கட்டும். இனிமேல் மாற்றுகிறேன்.]

7.

மேடையிலிருந்து இறங்கிய காமினியின் ஒரு கையில் பரிசுக்கூடை, இன்னொரு கையில் ஐம்பது வெள்ளி வைத்த உறை. அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. கழிவறையில் இல்லை. கன்டினில் இல்லை. போனை எடுக்கவில்லை. யுகேந்திரன் மீகோரெங் தட்டோடு நின்றான். "வந்திடுவா. நைட் ஷிப்ட் பாத்த ஆளு, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பா," என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் காமினி டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், எனக்குத் தெரியும் எங்கன்னு," என்றாள்.

ரசீதிலிருந்த கடை எண்ணும் தெருப் பெயரும் அவளுக்கு மனப்பாடம்.

நிரோஷா டீச்சர் காடியை எடுத்தார். ஆயர் ஈத்தாம் சாலையில் சனிக்கிழமை நெரிசல், கொம்தார்வரை ஒவ்வொரு விளக்கும் சிவப்பு. கூடையை மடியில் வைத்துக்கொண்டு காமினி கேட்டாள்:

"டீச்சர், நான் நல்லாதானே பேசினேன்?"

"நல்லா பேசினே."

"ஒரு வார்த்தகூட மறக்கல."

"மறக்கல."

"அப்புறம் ஏன்?"

டீச்சர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகையில் அவரேதான் சொல்லிக்கொடுத்திருந்தார்: 'காப்பிக்கு அப்புறம் கொஞ்சம் நிறுத்து, எல்லாரும் சிரிப்பாங்க.' பேச்சு நீளமாக இருக்கிறதென்று இரண்டு வரிகளை வெட்டியபோதும், அந்த வரியை வெட்டவில்லை. பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னாலிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

ரமணி கடைக்குள் இல்லை. கடைக்கு வெளியே, ஐந்தடி நடைபாதையில், தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?" என்றார் டீச்சர்.

"இருவது நிமிசம் இருக்கும் டீச்சர். ஒரு தடவ உள்ள போனேன். விலப் பலகையப் பாத்தேன். இவ கொரல்தான் கேட்டிச்சு. வெளிய வந்துட்டேன்." சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். "பரிசு கொடுத்தாங்களா?"

"மொத பரிசு மா."

"ம். நல்லது."

காமினி கூடையைத் தரையில் வைத்துவிட்டு, உறையைப் பிரித்து, ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினாள். "வாங்க மா. நான் வாங்கித் தரேன்."

(இந்த முடிவு என்னிடம் முழுதாக எழுதி முடித்துக் கிடக்கிறது. மூவரும் உள்ளே போகிறார்கள். காமினி ஒரு வாய் குடித்து, கசப்பில் முகம் சுளிக்கிறாள். மேலுதட்டில் நுரை. அம்மா சிரிக்கிறார். பயிற்சித்தாள் வெளியிடும் அமைப்புக்கு அனுப்பியிருந்தால் அட்டைப்படத்திலேயே போட்டிருப்பார்கள்.)

"வேணாம்," என்றார் ரமணி.

"ஏன் மா? இது என் காசு. நான் ஜெயிச்ச காசு."

"உன் காசுதான். அதான் வேணாம்."

"எனக்குப் புரியல மா."

"நீ வாங்கிக் கொடுத்தா நான் உனக்கு தேங்க்ஸ் சொல்லணும் காமினி. இந்தக் கோப்பிக்கு நான் யாருக்கும் தேங்க்ஸ் சொன்னதில்ல."

காமினியின் முகம் கோணிக்கொண்டது. "நான் உங்களப் பத்தி நல்லதாத்தானே மா சொன்னேன்?"

"தெரியும். நீ நல்லதாத்தான் சொன்னே. முழுசும் கேட்டேன்."

"கோவமா?"

நிரோஷா டீச்சர் குறுக்கே வந்து, 'அம்மாவுக்குக் கோபமெல்லாம் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாராம். அதற்குள் ரமணி சொல்லிவிட்டார்:

"கோவந்தான்."

"எம்மேலயா?"

"உம்மேலயுந்தான். அப்பா மேல. டீச்சர் மேலயும் கொஞ்சம்." டீச்சரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். "போயிடும். ஆனா இப்ப இருக்கு. இல்லன்னு சொன்னா பொய்."

பிள்ளை அழுதது. ரமணி குனிந்து சட்டைக் கையால் அதன் முகத்தைத் துடைத்தார். பிறகு பையைத் திறந்து இருபது வெள்ளித் தாள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பையைக் காமினியின் தோளில் மாட்டிவிட்டார்.

"டீச்சரோட இரு. நான் போய்க் குடிச்சிட்டு வரேன்."

"நானும் வரட்டா மா?"

"வேணாம்."

"எவ்ளோ நேரமாகும்?"

"தெரியாது லா."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ரமணி உள்ளே போனார்.

அது மூடியபின் சற்று நேரம் காமினி அங்கேயே நின்றாள். பிறகு கதவில் நெற்றியை ஒட்டி, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"பாக்காதே. வா, அந்தப் பக்கம் போவோம்."

தெருமுனைக்குப் போவதற்குள் பைக்குள்ளிருந்து போன் அடித்தது. திரையில் 'அப்பா'. காமினி டீச்சரைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

"அப்பா... ம், இருக்காங்க. கோப்பி குடிக்கிறாங்க... இல்ல, நான் வெளியில இருக்கேன்... ஏன்னு தெரியாதுப்பா. குடிக்கணும்னு தோணிச்சு, குடிக்கிறாங்க... நீங்க சாப்பிட்டு வீட்டுக்குப் போங்க. அவங்க வரப்ப வருவாங்க."

8.

இந்தக் கதையை எழுதலாமா என்று நிரோஷா டீச்சர் மூலமாக ரமணியிடம் கேட்டேன். எழுதுவது இன்னொரு மேடைதானே? அதே வாக்கியத்தை நானும் சொல்லத்தான் போகிறேன். அதே இடத்தில் நீங்களும் சிரித்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் பஸ் ஓடும் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், சல்மாவாக இருக்கும்.

"எழுதட்டும் டீச்சர், பரவால்ல. பேரெல்லாம் மாத்திடச் சொல்லுங்க. உள்ள நடந்தது மட்டும் வேணாம். எங்க உக்காந்தேன், எவ்ளோ நேரம், அதெல்லாம் வேணாம்."

பெயர்களை மாற்றிவிட்டேன். தெருவையும் மாற்றியிருக்கிறேன். விலையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

அமைப்பு, பயிற்சித்தாள்களின் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் கேட்டது. மூன்றாவது தாளின் அடியிலிருந்த காப்பிப் பெட்டியை எடுத்துவிட்டு அனுப்பினேன். பொறுப்பாளர் அழைத்து, அந்த இடத்தில் என்ன வைப்பது என்றார். மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டுப் பார்த்தேன். அதற்கு என்ன தலைப்பு எழுதினாலும், அதற்குள் நுழைய யாரோ ஒருவர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அழித்தேன். காலியாகவே இருக்கட்டும் என்றேன். காலி இடத்தை அச்சடிக்கக் காசு தர மாட்டோம் என்றார். பேச்சு இன்னும் முடியவில்லை. சேமிக்கக் கற்றுத்தருவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. காமினி இன்றும் கணக்கெழுதுகிறாள். அம்மாவின் கைப்பையைத் திறப்பதில்லை. திறக்காதே என்று யாரும் சொல்லவில்லையாம்.

ஒரு மத்தியானம் அந்தத் தெருவுக்குப் போனேன். உள்ளே போய், எந்த மேசையாக இருக்கும் என்று பார்க்கத்தான். கதவின் பிடியில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். ஆகவே இந்தக் கதைக்கு உள்ளே போகிற வழி என்னிடம் இல்லை. வெளியே வருகிற முடிவும் இல்லை. ரமணி வெளியே வந்ததும் மகளிடம் முதலில் என்ன சொன்னார் என்பது நிரோஷா டீச்சருக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே வரலாம். இன்னும் கோபத்தோடே வரலாம். மகளை விட்டுவிட்டு டீச்சரிடம் பேசலாம். மிச்சம் வந்த ஒரு வெள்ளி பத்துக் காசை யாரிடமும் கணக்குச் சொல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். எப்படியும் எழுதுங்கள். அவருக்கு ஒரு காரணத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அவசரமும் வேண்டாம். அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்.